ஒரு சாண் கடை

செங்குளம்பேட்டை சந்நிதிக் கடைத்தெருவில் போணி ஆகாத கடை அன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு சாண் சுருங்கிவிடும் என்பது இப்போது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஆனால் முதன்முதலாக அது நடந்த அன்றைக்கு எல்லாரும் ஷட்டரைத்தான் குறை சொன்னார்கள். வளையல் கடை பால்வண்ணம் காலையில் கடை திறந்து, வாசல் தெளித்து, கல்லாப்பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தவர், பொழுதுக்கும் ஒரு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்காமல், துடைத்த வளையலையே மறுபடியும் துடைத்துக்கொண்டு இருந்துவிட்டு, சாயங்காலம் சாமி படத்துக்கு விளக்கேற்றி ஊதுபத்தியைச் சுற்றித் திரும்பினால், எப்போதும் எட்ட நிற்கிற அலமாரி தோளில் வந்து இடித்தது. கடையைப் பூட்டப் போனால் ஷட்டர் இறங்க மாட்டேன் என்றது. வெல்டிங் பட்டறை ஆள் வந்து மேலேயும் கீழேயும் பார்த்தான், சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான், "ஷட்டருக்கு ஒரு கேடும் இல்லே அண்ணாச்சி, கடைதான் சின்னதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, வந்த கூலிக்கு ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

அடுத்து பாத்திரக்கடை சங்கரலிங்கம். தினம் காலையில் அவர் கடை வாசலில் உருட்டி வைக்கிற கல்யாண அண்டா ஒருநாள் வாசலுக்குள் மாட்டிக்கொண்டது. இழுத்தும் பார்த்தார், தள்ளியும் பார்த்தார், கடைசியில் அதை உள்ளேயே கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார். பிறகு பழக்கடை, பிறகு பேனா நோட்டுக் கடை, பிறகு செருப்புக்கடை என்று ஒவ்வொன்றாகச் சுருங்க, யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, அன்றன்றைக்கு முதல் வியாபாரம் நடக்காத கடைதான் சுருங்குகிறது என்கிற கணக்கு எப்படியோ தெரு முழுக்கப் பிடிபட்டுவிட்டது. ஏன் சுருங்குகிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வயிற்றுக்குச் சோறு போடாவிட்டால் வயிறு சுருங்குகிறதே, அதை யாராவது போய்க் கேட்டார்களா?

சுருங்கின சாண் எல்லாம் எங்கே போயிற்று என்று மட்டும் கொஞ்சநாள் பேச்சு நடந்தது. அதற்கும் விடை தானாக வந்தது. பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த பெரிய கடையின் வாட்ச்மேன், டீ குடிக்க வந்த இடத்தில், "தெனம் என் நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட வேண்டியதா இருக்குய்யா, செவரு நகந்துக்கிட்டே இருக்கு" என்று புலம்பினான். கொத்தனார் இல்லாமல், சித்தாள் இல்லாமல், ஒரு மூட்டை சிமெண்ட் இல்லாமல் அந்தக் கடை தினம் அகலமாகிக்கொண்டிருந்தது. குளுகுளுவென்ற காற்றும், தள்ளிக்கொண்டு போகிற வண்டியும், யாரையும் கேட்காமல் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்கிற சௌகரியமும் இருக்கும்போது, ஊர் அங்கேதானே போகும்? ஆனை வாய்க்குள் போன கரும்பு, திரும்பியா வரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துவிட்டார்கள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். கடைகள் சுருங்கச் சுருங்கத் தெருவும் குட்டையானது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு நடக்கிற தூரம் குறைந்துவிட்டது என்று முட்டுவலிக்காரர்கள் எல்லாம் அம்மனுக்கு எண்ணெய் வாங்கி ஊற்றினார்கள். அம்மன் புறப்பாடு அன்றைக்கு நாயனக்காரர் ராகத்தை எடுத்து இழுத்து ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சப்பரம் தெருமுனைக்கு வந்துவிட, "எந்த ராகத்தையும் முடிக்க விடமாட்டேங்கறீங்களே" என்று அவர் கோபித்துக்கொண்டு பாதியில் சீவாளியைக் கழற்றிவிட்டார். வரி போட வந்த நகராட்சி ஆள் டேப்பைப் பிடித்து அளந்து, மறுநாள் வந்து அளந்தால் வேறு அளவு காட்ட, ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. தெருவின் இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் "நூறு வயசு" என்று சொல்கிற அளவுக்கு எல்லாரும் நெருங்கிவிட்டார்கள். ஆனால் கடைக்குள் மட்டும் ஆள் இல்லை.

இந்தத் தெருவில்தான் உலகம்மாள் மேட்சிங் சென்டர் வைத்திருந்தாள். மேட்சிங் கடை என்றால் தெரியும்தானே, சேலையைக் கையில் கொண்டுவந்து அதற்கு ஏற்ற லைனிங் துணி, ஃபால்ஸ், நூல், கொக்கி, பட்டன் எல்லாம் வாங்கிப் போவார்களே, அது. புருஷன் ஆவுடையப்பன் ஆரம்பித்த கடை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு இவள் கல்லாவில் உட்கார்ந்தாள். உலகம்மாளிடம் ஒரு பழக்கம் உண்டு, எந்தச் சேலையையும் கடைக்குள் வைத்து நிறம் பார்க்க மாட்டாள். "டியூப்லைட்டு பொய் சொல்லும் தாயி, வெளிய வா" என்று சேலையையும் நூல்கண்டையும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்துத்தான் கொடுப்பாள். வருகிறவர்கள் உட்கார ஒரு மர ஸ்டூல் போட்டிருந்தாள். நூல் வாங்க வந்தவர்கள் அதில் உட்கார்ந்து, மாமியார் கதையும் மகள் கல்யாணக் கதையும் பேசிவிட்டு, நூலை மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வந்ததெல்லாம் உண்டு.

உலகம்மாளுக்குக் கைராசி என்று ஒரு பேர் இருந்தது. எப்போதோ ஒரு மந்தமான நாளில் பால்வண்ணம் கடையில் ஒரு சீப்பு வாங்கினாள், அன்றைக்கே ஒரு கல்யாணக் கூட்டம் வந்திறங்கிக் கடையைக் காலி பண்ணிவிட்டுப் போனது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். கடைகள் சுருங்க ஆரம்பித்ததும் தெரு மொத்தமும் அவள் கையைத்தான் நம்பியது. "உலகக்கா, ஒரு கை வச்சுட்டுப் போங்க." "யக்கா, நம்ம கடையை மறந்துராதீங்க." காலையில் தன் கடையைத் திறந்து வாசல் தெளித்துவிட்டு அவள் தெருவில் இறங்கினால், ஒரு கடை விடாமல் போவாள். பாத்திரக்கடையில் ஒரு கரண்டி, வளையல் கடையில் ஹேர்பின், பழக்கடையில் எலுமிச்சம்பழம், பேனாக் கடையில் ஒரு ரீபில், எதிர்த்த நாட்டு மருந்துக்கடையில் கொஞ்சம் சுக்கு. அவள் கையால் காசு விழுந்ததும் கடைக்காரர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், அன்றைக்கு அந்தக் கடை சுருங்காது. பின்னத்தெருவில் அவள் குடியிருந்த ஒற்றை அறையில் கரண்டிகள் ஆணி கொள்ளாமல் தொங்கின. ஒண்டியாக உட்கார்ந்து ஒரு வாய் ரசம் சோறு தின்கிறவளுக்கு எதற்கு அத்தனை கரண்டி? ராத்திரி காற்று அடித்தால் அவை ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும், யாரோ சமைக்கிற வீடு என்று வெளியே போகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அவள் கடைக்கு யார் போணி பண்ணினார்கள்? அதுதான் யாரும் இல்லை. பெண்பிள்ளைகள் ரெடிமேட் ஜாக்கெட் வாங்கினார்கள். மீதிப் பேர் பைபாஸ் கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் மாம்பழக் கலரென்று வாங்கி, வீட்டுக்குப் போய்ப் பார்த்து மஞ்சள் கலரென்று கண்டுபிடித்து, சரி போகட்டும் என்று உடுத்திக்கொண்டார்கள். எப்போதாவது ஒருத்தி வருவாள், அன்றைக்குக் கடை தப்பிக்கும். வராத நாளில் ஒரு சாண். வராத நாள்தான் அதிகமாக இருந்தது.

கடைத்தெருவுக்கென்று சில முறைகள் உண்டு, அதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். தன் கடைக்குத் தானே போணி பண்ண முடியாது. போணியைக் கேட்டு வாங்கக் கூடாது, அது பிச்சைக்குச் சமானம், தானாக வர வேண்டும். அப்புறம், போணி ஆகும்வரை கடைக்காரர் தன் கடைப்படியை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் வருகிற லட்சுமி ஆளில்லை என்று திரும்பிப் போய்விடுவாள். ஊருக்கே போணி பண்ணுகிறவள் என்பதால் உலகம்மாள் இறங்குவதை மட்டும் யாரும் குற்றம் சொல்லவில்லை. அவள் வந்து போணி பண்ணின பிறகாவது அவர்கள் இறங்கி அவள் கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒவ்வொருத்தரும் மற்றொருத்தர் போயிருப்பார் என்று நினைத்தார்கள். அதைவிட, "ஊரார் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்பாங்க, உலகக்கா கடைக்கு என்ன குறைச்சல்" என்று பாத்திரக்கடை சங்கரலிங்கம் ஒருநாள் அண்டாமேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார், எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உலகம்மாளும் அங்கேதான் நின்றாள், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு. சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

வேறு என்ன செய்வாள்? எனக்கு யாரும் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வாள்? கைராசிக்காரி என்று ஊர் தலையில் வைத்த கிரீடத்தை, தன் கடையே காற்று வாங்குகிறது என்று சொல்லித் தானே இறக்கி வைக்க மனம் வரவில்லை. அதுவும் போக, காலையில் அந்த ஒரு சுற்றுப் போகும்போதுதான் நாலு பேர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம்வரை அவள் பேரை யாரும் சொல்வதில்லை.

கடை சுருங்கச் சுருங்க அவள் சாமான்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டே வந்தாள். முதலில் கல்லா மேஜை போனது, மடியில் ஒரு டப்பா வைத்துக்கொண்டாள். பிறகு அலமாரி போனது, நூல்கண்டுகளைச் சுவரோடு சுவராக மேலே மேலே அடுக்கினாள். வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலை மட்டும் விற்க மனமில்லாமல், அதைத் தலைக்குமேல் ஆணியில் மாட்டினாள். நேராக உட்கார்ந்தவள் ஒருக்களித்து உட்கார்ந்தாள், ஒருக்களித்து உட்கார்ந்தவள் ஒருக்களித்து நின்றாள். ஒரு பக்கம் பாத்திரக்கடைச் சுவர், இன்னொரு பக்கம் செருப்புக்கடைச் சுவர், இரண்டும் நெருங்கி வர வர இரண்டு கடையிலும் பேசுவது எல்லாம் கேட்டது. அவர்கள் சிரித்தால் அவளும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

சென்னையில் மகள் கோமு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "யம்மா, அந்தக் கடையில இன்னும் என்னத்தக் கட்டிக்கிட்டு அழுதே? பேசாம இங்க வந்துரு. நூல் பட்டன்லாம் போன்ல அமுக்குனா வீட்டு வாசலுக்கு வருது."

"வாரேன் தாயி, வாரேன். கடைக்கு ஒரு வழி பண்ணிட்டு வாரேன்."

"வந்தா நிம்மதியா டிவி பாத்துக்கிட்டு இருக்கலாம். நானும் அவங்களும் ராத்திரிதான் வருவோம், பகல்ல உன்னை ஒருத்தரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க."

ஒருத்தரும் தொந்தரவு பண்ணமாட்டார்கள் என்று மகள் ஆசையாகத்தான் சொன்னாள். உலகம்மாளோ, கதவைச் சாத்திய வீட்டில், பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லாமல், பொழுது விடிந்து பொழுது போகும்வரை இருப்பதை நினைத்துப் பார்த்தாள். இங்கேயாவது சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. கடை போய்விட்டால் சென்னைக்கு ரயில் ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எதிர்த்த வரிசையில், அவள் கடைக்கு நேர் எதிரே, ஆறுமுகநயினார் நாட்டு மருந்துக்கடை. பெண்சாதி இறந்து, மகன் துபாயில் இருக்க, தனியாகக் காலம் தள்ளுகிற மனிதர். முறை முறை என்று உயிரை விடுகிறவர், போணிக்கு முன்னால் படியிறங்காத விஷயத்தில் ஒருதடவை தெருவில் தன் சைக்கிளையே ஒருவன் தள்ளிக்கொண்டு போனபோதுகூட, படியில் நின்றபடி "ஏ, அது என் சைக்கிள்டே" என்று சத்தம் போட்டாரே தவிர, காலைக் கீழே வைக்கவில்லை. அவர் கடையில் கடிகாரம் கிடையாது. சாயங்காலம் எதிரே உலகம்மாள் விளக்கு வைப்பதைப் பார்த்துத்தான் அவர் விளக்கு வைப்பார், ஆவுடையப்பன் காலத்திலிருந்து அப்படித்தான்.

நயினார் சட்டையில் நெஞ்சுக்கு நேராக ஒரு பட்டன் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஊக்கைக் குத்தியிருந்தார். பெண்சாதி போன பிறகு விழுந்த பட்டன், தைத்துக் கொடுக்க ஆளில்லை. காலையில் சுக்கு வாங்கப் போகும்போதெல்லாம் உலகம்மாள் கண் அந்த ஊக்கில்தான் போய் நிற்கும். வெள்ளைச் சட்டை என்று பேர், ஆனால் வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது! மற்ற பட்டன்கள் லேசாகப் பழுப்பேறி, ஓரத்தில் சங்குபோல மினுங்கும். அவர் வாசலுக்கு வந்து வெயிலில் நின்ற ஒருநாள் அந்த நிறத்தைக் கண்ணிலேயே எடுத்துக்கொண்டு வந்து, டப்பா முழுக்கக் கவிழ்த்துத் தேடி, அச்சு அசலாக ஒரு பட்டனைக் கண்டுபிடித்து ஒரு தாளில் மடித்துத் தனியாக வைத்தாள். எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாம்தான். கொடுத்தால் அவர் காசு எடுப்பார், அது கேட்டு வாங்கின போணி ஆகிவிடும். அதனால் மடித்த தாள் அப்படியே கிடந்தது.

கடைசியில் அவள் கடை ஒரு சாணுக்கு வந்து நின்றது. அன்று காலை வாசல் தெளிக்கக் கடைக்கு வாசலே இல்லை, ஒரு கை தண்ணீர் போதுமாக இருந்தது. மூச்சை உள்ளுக்கு இழுத்து ஒருக்களித்து நுழைந்து, சாமி படத்தைப் பார்த்து நின்றாள். இன்றைக்குப் போணி ஆகாவிட்டால் விளக்கு வைத்த மறுநிமிஷம் பாத்திரக்கடைச் சுவரும் செருப்புக்கடைச் சுவரும் ஒட்டிக்கொள்ளும். ஆவுடையப்பன் உட்கார்ந்த இடம், அவள் உட்கார்ந்த இடம், எதுவும் இருக்காது. தெரு இன்னும் ஒரு சாண் குட்டையாகும், முட்டுவலிக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள்.

அன்று அவள் சுற்றுக்குப் போகவில்லை. நான் போன நேரத்தில் யாராவது வந்து, கடையைக் காணோம் என்று திரும்பிவிட்டால்? ஊருக்கெல்லாம் ஓடினேனே, ஒருநாள், ஒரே ஒருநாள் எனக்காக நிற்கக் கூடாதா? நினைத்ததும் அவளுக்கே கண் கலங்கிவிட்டது. கோபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை.

தெருவில் சலசலப்பு ஆரம்பித்தது. "உலகக்காவைக் காணோமே?" என்றார் பால்வண்ணம் தன் படியில் நின்றபடி. "உடம்புக்கு முடியலையோ என்னமோ. யாராச்சும் போய்ப் பாருங்கடே" என்றார் சங்கரலிங்கம் அண்டாமேலிருந்து. "நீங்கதான பக்கத்துக் கடை, நீங்க பாருங்க அண்ணாச்சி." "எனக்கு இன்னும் போணி ஆகலியே, எப்படி இறங்க?" "எனக்கு மட்டும் ஆச்சா?" "பழக்கடை போகலாம்லா?" "அய்ய, அதெப்படி?" இப்படியே படிக்குப் படி பேச்சு போய்த் திரும்பி வந்துகொண்டிருந்ததே தவிர, ஒரு ஆள் இறங்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று உலகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். நாக்கு எழவில்லை. மத்தியானம் போனது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக்கூட முழங்கை மடங்க இடமில்லை. யாரும் வரவில்லை.

வெயில் கோயில் கோபுரத்தைவிட்டு இறங்கியது. கடை கடையாக விளக்கு ஏறியது, ஏறின கையோடு அந்தந்தக் கடை ஒரு சாண் உள்ளே வாங்கிக்கொண்டது. பால்வண்ணம் கடையில் வளையல் அடுக்குச் சரிந்த சத்தம் கேட்டது. சங்கரலிங்கம் அண்டாவிலிருந்து எழுந்துகொள்ள முடியாமல் யாரையோ திட்டினார்.

உலகம்மாள் கையில் தீப்பெட்டி இருந்தது. அவள் விளக்கு வைக்கவில்லை. விளக்கு வைத்தால்தானே நாள் முடியும்? தெருவெல்லாம் நாள் முடிந்து போன பிறகும், தன் ஒரு சாண் கடைக்குள் மட்டும் அன்றைய பகலை முடியவிடாமல் பிடித்துக்கொண்டு, இருட்டில், இரண்டு சுவருக்கு நடுவில், அசையாமல் நின்றாள். தெருவில் போகிறவர்களுக்கு அங்கே ஒரு கடை இருப்பதே தெரியவில்லை. இரண்டு கடைக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் இப்படி நிற்க முடியும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் நிற்க முடியாது.

எதிர்க்கடையில் ஆறுமுகநயினாரும் கையில் தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். எதிரே விளக்கு ஏறட்டும் என்று பார்த்தார். ஏறவில்லை. தெரு முழுக்க வெளிச்சம், எதிரே மட்டும் இருட்டு. அப்போதுதான், இத்தனை காலமாகத் தினம் பார்த்த இடத்தை அவர் உண்மையாகவே உற்றுப் பார்த்தார். கடையைக் காணோம். அலமாரியைக் காணோம். அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் ஒரு சேலைத் தலைப்பு மட்டும் லேசாகத் தெரிந்தது.

நயினார் குனிந்து தன் கடைப்படியைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கும் போணி ஆகவில்லை. ஒரு காலைக் கீழே வைத்தார். பிறகு இன்னொரு காலையும் வைத்தார். சங்கரலிங்கம் அதைப் பார்த்துவிட்டு, "ஏ அண்ணாச்சி, போணி ஆச்சா ஒங்களுக்கு?" என்று கத்தினார். நயினார் திரும்பிப் பார்க்கவில்லை.

"உலகம்மா."

பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அந்தச் சேலைத் தலைப்பு அசைந்தது.

"ஏன் வெளக்கு வைக்கல?"

வாழ்நாளில் ஒருநாளும் சொல்லாததை, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போணி ஆகல அண்ணாச்சி."

"ஒனக்கா?" என்றார் நயினார். "ஒனக்கா போணி ஆகல?"

"எனக்குத்தான். இன்னிக்கு மட்டுமில்ல."

நயினார் கையை நீட்டி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் வைத்துப் பார்த்தார். ஒரு சாண், அதற்குமேல் ஒரு விரல்கூட இல்லை. "நான் யாரோ பண்ணியிருப்பாங்கன்னுல்லா நெனச்சேன்" என்றார். "எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம். பாவிப்பய மக்கா நாங்க. சொல்லப்படாதா நீ?"

"போணியைக் கேட்டா வாங்குவாங்க, அண்ணாச்சி?"

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நயினார் நெஞ்சில் குத்தியிருந்த ஊக்கைத் தொட்டார், அப்போதுதான் அது அங்கே இருப்பது ஞாபகம் வந்தவர்போல.

"ஒரு பட்டன் வேணும்" என்றார். "இந்தச் சட்டைக்கு. ஆனா இருட்டுல எப்படிக் கலர் பாப்பே? நாளைக்கு வெளிச்சத்துல…"

அவர் முடிக்கவில்லை. அந்த ஒரு சாண் இடைவெளியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது, கையில் மடித்த தாள். நயினார் அதைப் பிரித்துத் தெருவிளக்கில் பிடித்துப் பார்த்தார். மற்ற பட்டன்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். மடியிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தார், கை உள்ளே போனது. உள்ளே அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெகுநேரம் எடுக்காமல் நின்றது இருட்டில் தெரியவில்லை.

"ஒங்க கடைக்கும் ஆகலியே" என்றாள் பிறகு. ஒருக்களித்து, மூச்சை இழுத்து வெளியே வந்து, தெருவைக் கடந்து, அவர் கடையில் கொஞ்சம் சுக்கு வாங்கிக்கொண்டு திரும்பினாள். திரும்பி வந்து விளக்கு வைத்தாள். சுவர்கள் அசையவில்லை. எதிரே பார்த்துக்கொண்டிருந்த நயினார், வழக்கம்போல, அதைப் பார்த்துவிட்டுத் தன் விளக்கை ஏற்றினார்.

போணி ஆன கடை சுருங்காது, ஆனால் போன சாண் திரும்பி வராது, அதுவும் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலையிலும் அது ஒரு சாண் கடையாகத்தான் இருந்தது. இன்றைக்கு மறுபடியும் ஒரு போணி வேண்டும், நாளைக்கு ஒன்று, அதற்கு மறுநாள் ஒன்று. அக்கம்பக்கத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் ஒரு சாணை எண்ணி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், "ஒருநாள் வரலேன்னா இப்படியா" என்றார் சங்கரலிங்கம், அவளைப் பார்த்தே. ஒரு பட்டன் எத்தனை நாளைக்கு? உலகம்மாள் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். ஆணியில் தொங்கிய ஸ்டூலைக் கழற்றி, உள்ளே போட இடமில்லாததால் வெளியே, தெருவில் போட்டாள். போட்டுவிட்டு, யாருக்காகப் போட்டோம் என்று வெட்கப்பட்டு, திரும்ப எடுக்கப் போனாள்.

நயினார் தன் கடையை இன்னும் திறக்கவில்லை. சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நேற்றுவரை ஊக்குக் குத்தியிருந்த இடத்தில் புதுப் பட்டன் கோணல்மாணலாகத் தைத்திருந்தது, தானே தைத்திருக்கிறார். அதற்குக் கீழே இருந்த பட்டனைக் காணோம்.

"விழுந்துருச்சு" என்றார்.

உலகம்மாள் அந்த இடத்தைப் பார்த்தாள். காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. பட்டன் இருந்த இடத்தில் நூல் நைந்து அறுந்திருக்கவில்லை, கத்தரியால் வெட்டின நுனி, நாலும் ஒரே மட்டமாக நின்றது.

"பழைய நூலு, அண்ணாச்சி" என்றாள். "அப்படித்தான் விழும்."

டப்பாவைத் திறந்து, அதே வெள்ளையில் இன்னொன்றைத் தேட ஆரம்பித்தாள்.